பழைய கார்களின் பெயின்ட்டைத் தேய்த்தே தீர்த்துவிட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆயுத பூஜை நெருங்கும் நாட்களில் வாட்டர் வாஷ் கடைகளின் முன் 'ரப்பிங் பாலிஷ்' செய்துகொள்வதற்காக வரிசையில் நிற்கும் வண்டிகளில், பதினைந்து இருபது ஆண்டுகளைக் கடந்த கார்கள் கணிசமாக இருப்பதைப் பார்க்கிறோம். பழைய வண்டியைப் பேணுகிறவர்கள் அதை அன்போடு பேணுகிறார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த அன்பின் பெயரால் செய்யப்படும் இந்த வேலையே வண்டியின் பெயின்ட்டை ஆண்டுதோறும் குறைத்துக்கொண்டு வருகிறது என்பதை வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

தொழிற்சாலையில் அடிக்கப்படும் பெயின்ட்டின் மொத்தக் கனம், ப்ரைமரையும் சேர்த்து, பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான் வரைதான் இருக்கும். ஒரு தலைமுடியின் தடிமனே ஏறத்தாழ 70 மைக்ரான். இந்தக் கனத்துக்குள் நிறத்தின் மேல் பூசப்படும் 'கிளியர் கோட்' என்னும் நிறமற்ற அடுக்குக்கு மூன்றில் ஒரு பங்கு அளவே கிடைக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தடுத்து நிறத்தைக் காப்பது அந்த அடுக்கில் கலந்திருக்கும் வேதிப்பொருட்களே. மெஷினில் கம்பளிப் பேடை மாட்டி, 'காம்பவுண்ட்' என்னும் கரடுமுரடான தேய்ப்புப் பசையைத் தடவி, கீறல் கோடுகள் மறையும்வரை அழுத்தித் தேய்க்கும்போது கோடு அழிவதில்லை. கோட்டின் ஆழத்துக்குச் சுற்றியுள்ள கிளியர் கோட்தான் சீவி எடுக்கப்படுகிறது. பானெட்டின் விளிம்பிலும் கதவின் மடிப்புக் கோடுகளிலும் பெயின்ட் இயல்பாகவே மெலிந்திருப்பதால், மெஷினின் சூட்டில் முதலில் வெளுப்பதும் அந்த இடங்கள்தான். அப்படி வெளுத்தபின் அந்தப் பாகத்துக்குப் புதிதாகப் பெயின்ட் அடிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

எல்லாப் பழைய கார்களுக்கும் ஒரே வகைப் பெயின்ட் இல்லை என்பதையும் உரிமையாளர்கள் அறிந்திருக்க வேண்டும். அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்றவற்றில் பெரும்பாலும் கிளியர் கோட் இல்லாமல் நிறமே மேலடுக்காக இருக்கும். 1998 முதல் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து வந்த சான்ட்ரோ காலத்து மெட்டாலிக் நிறங்கள் கிளியர் கோட்டின் அடியில் இருக்கும். சந்தேகம் இருந்தால், கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓரத்தில் வெள்ளைத் துணியால் சிறிது பாலிஷைத் தேய்த்துப் பார்த்தால் போதும். துணியில் வண்டியின் நிறம் இறங்கினால் அது ஒற்றை அடுக்குப் பெயின்ட். மங்கிப்போன ஒற்றை அடுக்குப் பெயின்ட்டுக்கு உடனே காம்பவுண்ட் தேவைப்படாது. தேய்க்கும் துகள் இல்லாத, எண்ணெய்ப் பசையுள்ள கிளேஸைத் தாராளமாகத் தடவி ஓர் இரவு ஊறவிட்டுத் துடைத்தாலே, இறந்துவிட்டது என்று நினைத்த நிறம் பல வண்டிகளில் திரும்பி வருகிறது. மிகப் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், அதை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது வேலை செய்பவரின் நுரையீரலுக்கும் தீங்கானது.

கிளியர் கோட் உள்ள வண்டியைப் பாலிஷுக்குக் கொடுக்கும் முன், பெயின்ட்டின் கனத்தை அளக்கும் கருவி கடையில் இருக்கிறதா என்று கேட்பது நம் உரிமை. அந்தக் கருவி, முன்பு பட்டி பார்த்து மறு பெயின்ட் அடித்த இடங்களையும் காட்டிக் கொடுத்துவிடும். ஓரிடத்தில் மிக மென்மையான பாலிஷில் தொடங்கிப் பார்த்து, போதாவிட்டால் மட்டுமே அடுத்த படிக்குப் போக வேண்டும். ஆழமான கோடுகளை முழுவதும் அழிக்கச் சொல்லாமல், அவற்றில் சிலவற்றோடு வாழப் பழகுவதே வண்டிக்கு நல்லது. கிளியர் கோட் ஏற்கெனவே தோலாக உரியத் தொடங்கிவிட்ட பாகத்தை எந்தப் பாலிஷும் எந்தக் கோட்டிங்கும் மீட்காது; அதற்காகப் பணம் வாங்குவது நேர்மையும் அல்ல.

உண்மையில், ரப்பிங் தேவைப்படும் அளவுக்கு வண்டியில் வட்ட வட்டமாகக் கோடுகள் விழுவதற்குக் காரணம் நாம் அன்றாடம் துடைக்கும் முறைதான். அடுக்ககங்களில் ஒரே வாளித் தண்ணீரையும் ஒரே பழைய பனியன் துணியையும் வைத்துப் பத்துப் பதினைந்து வண்டிகளைத் துடைக்கும்படி விடுகிறோம். முதல் வண்டியின் மணல் கடைசி வண்டியின் பானெட்டைக் கீறுகிறது. இதில் துடைக்கும் தொழிலாளியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தினமும் துடைக்க வேண்டாம், வாரம் ஒருமுறை தூசி முழுவதும் ஓடும்படி தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும் என்று சொல்லி, ஷாம்புவுக்கு ஒரு வாளியும் துணியை அலச இன்னொரு வாளியும் இரண்டு மைக்ரோஃபைபர் துணிகளும் வாங்கிக் கொடுக்க வேண்டியவர்கள் நாம். துணி துவைக்கும் சோப்புத் தூளைப் பயன்படுத்தினால், பூசிய வாக்ஸ் அதோடு போய்விடும்.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் போர்வெல் தண்ணீர் உவர்ப்பானது; வெயிலில் நிற்கும் வண்டியில் அது காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகக் கறை படிந்து, நாளடைவில் பெயின்ட்டையே அரிக்கிறது. சிக்கனம் கருதிப் பல வீடுகளில் ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் கழிவு நீரை வண்டி கழுவப் பிடித்து வைக்கிறார்கள். அந்தக் கருவி வடிகட்டிய உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அந்தத் தண்ணீரில்தான் என்பதால், அது கருவிக்குள் விட்ட தண்ணீரைவிட மோசமானது. மழைநீர்த் தொட்டி உள்ளவர்கள் கடைசி அலசலுக்கு மட்டுமாவது அதைப் பயன்படுத்தி, நிழலில் நிறுத்தி, ஈரம் காயும் முன் ஒற்றி எடுக்கலாம். காக்கை எச்சத்தைக் காய்ந்தபடியே சுரண்டாமல், ஈரத் துணியைச் சற்று நேரம் போட்டு ஊறவிட்டு எடுக்க வேண்டும். தூசியோடு இருக்கும் வண்டிக்குக் கவர் போட்டால், காற்றில் ஆடும் கவரே உப்புத்தாளாகிவிடும். மழையில் நனைந்த வண்டிக்குப் போட்டால் ஈரம் உள்ளேயே தங்கும்.

'செராமிக் கோட்டிங்' விளம்பரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது பயனற்றது அல்ல. தண்ணீரையும் அழுக்கையும் எளிதில் ஒட்டவிடாது. ஆனால் '9எச்' கடினம் என்று அச்சிடுவது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு; நெடுஞ்சாலையில் லாரியின் பின்னால் தெறிக்கும் கல்லை அது தடுக்காது. மங்கிய பெயின்ட்டின் மேல் பூசினால் மங்கலையும் சேர்த்தே மூடிவிடும். கனம் குறைந்துபோன பழைய வண்டிக்கு, அந்தக் கோட்டிங்குக்காகவே மறுபடியும் தேய்ப்பதைவிட, கார்னாபா என்னும் பனை வகை மெழுகால் ஆன வாக்ஸை இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கையால் பூசுவதே பொருத்தம் என்பது என் கருத்து. செலவும் குறைவு.

மேல் பளபளப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது துரு உள்ளிருந்து வருகிறது. கதவுகளின் அடியில் உள்ள வடிகால் துளைகளையும், வைப்பரின் அடியில் சேரும் வேப்பஞ்சருகையும் மாதம் ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும். வண்டியின் அடிப்புறத்தில் டீசல் அடிக்கும் பழக்கம் ரப்பர் புஷ்களைக் கெடுப்பதால், அதை வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

சொந்த உபயோகக் கார்களின் பதிவு 15 ஆண்டுகளுக்குப் பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படுகிறது. அவற்றைப் புதுப்பித்து ஓட்டும் வாசகர்கள் பலர் இருக்க, நாளிதழ்களின் வாகனப் பக்கங்கள் பெரும்பாலும் புதிய கார்களின் அறிமுகத்துக்கே இடம் தருகின்றன. பழைய வண்டிகளின் பராமரிப்பைப் பற்றி, அனுபவமுள்ள பெயின்டர்களையும் டிங்கர்களையும் கொண்டே ஒரு தொடரை வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். பெயின்ட்டின் கனத்தை அளந்து பார்த்து வேலை தொடங்கும் முறையை அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களின் வாகனப் பிரிவுகளில் அழுத்தமாகக் கற்றுத்தர வேண்டும் என்ற கோரிக்கையையும் தங்கள் நாளிதழ் வாயிலாக முன்வைக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்,
தூத்துக்குடி