ஏன் மாறினோம் என்றும் கேளுங்கள்: நீதிபதி பாலகிருஷ்ணன் ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

கிறிஸ்தவம் போன்ற மதங்களுக்கு மாறிய பட்டியல் சாதியினருக்கும் பட்டியல் சாதித் தகுதி கொடுக்கலாமா என்று ஆராய 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு உங்கள் ஆணையத்தை அமைத்தது. அது உங்களுக்குக் கொடுத்த பணிகளில் ஒன்று, மதம் மாறிய பட்டியல் சாதியினரின் பழக்கவழக்கத்திலும் சமூக நிலையிலும் அவர்கள் படும் பாகுபாட்டிலும் என்ன மாற்றம் வந்திருக்கிறது என்று பார்ப்பது. மாறிய பிறகு என்ன ஆனது என்று கேட்கிறீர்கள். சரி. எதற்காக மாறினோம் என்பதையும் சேர்த்து விசாரியுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல். நான் தென்மாவட்டத்தில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆதிதிராவிடக் கிறிஸ்தவன். சாதிச் சான்றிதழில் பிற்படுத்தப்பட்டவன்.

எங்களைப் பற்றி இரண்டு கதைகள் ஓடுகின்றன. திருவிழா மலரில் வருவது ஒன்று: இருளில் கிடந்தோம், மிஷனரி வந்தார், ஒளி பெற்றோம். டீக்கடையில் ஓடுவது இன்னொன்று: ரொட்டிக்கும் பால்பவுடருக்கும் விலைபோனோம். இரண்டு கதையிலும் எங்களுக்குச் சொந்தமாக யோசிக்கத் தெரியாது.

தூத்துக்குடிக் கரையான முத்துக்குளித்துறையின் மீனவர்களான பரதவர்களைப் பாருங்கள். அவர்கள் பட்டியல் சாதியினர் அல்லர். ஆனாலும் இங்கே மதமாற்றம் எப்படி நடந்தது என்பதற்கு அவர்கள்தான் பழைய சாட்சி. 1530களில் முத்துச் சலாபத்தை, அதாவது முத்துக்குளிப்பை, ஒட்டிய மோதலில் தொழிலும் உயிரும் ஆபத்தில் இருந்தபோது அவர்களுடைய ஆட்கள் கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுகீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். பேச்சு முடிந்து ஊர் ஊராக ஞானஸ்நானம் நடந்தது. இயேசு சபை மிஷனரியான சவேரியார் இந்தக் கரைக்கு வந்தது 1542இல். வந்து பார்த்தால், கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள், ஜெபம்தான் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் உட்கார்ந்து மந்திரங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து சொல்லிக்கொடுத்தார். முதலில் ஒப்பந்தம், அப்புறம்தான் விசுவாசம். அதற்காக இன்று தூத்துக்குடிப் பனிமய மாதா கோயிலில் கைகூப்பி நிற்கிறவரிடம் போய் உங்கள் பக்தி பொய் என்று யாராவது சொல்லிவிட முடியுமா?

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மயிலாடியின் கதை எங்களுக்கு இன்னும் நெருக்கம். சாம்பவர் குலத்தில் பிறந்த மகாராசன் வேதமாணிக்கம் தஞ்சாவூரில் கிறிஸ்தவத்தை அறிந்து ஊர் திரும்பியவர். மிஷனரி அவரைத் தேடி வரவில்லை. அவர்தான் மிஷனரியைத் தேடி அழைத்தார். 1806இல் அந்த மிஷனரி, ரிங்கல்தௌபே, தென்திருவிதாங்கூருக்குள் வந்தபோது அங்கே ஏற்கெனவே ஒரு சபை காத்திருந்தது. அன்றைக்கு அங்கே சாம்பவர், நாடார் போன்ற மக்கள் தலைக்கு வரி கட்டினார்கள், கூலியில்லாமல் ஊழிய வேலை செய்தார்கள், அவர்களுடைய பெண்கள் மேலாடை போடக் கூடாது. கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் என்ற சட்டை அணியலாம் என்று பிரிட்டிஷ் ரெசிடென்ட் கர்னல் மன்றோ காலத்தில் அனுமதி வந்தது. கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விலக்கும் கிடைத்தது. குப்பாயம் போட்ட நாடார் பெண்களின் உடையை மேல்சாதியினர் சந்தையில் கிழித்தார்கள். பள்ளிக்கூடங்களையும் சபைகளையும் கொளுத்தினார்கள். பல ஆண்டு கலவரத்துக்குப் பிறகு 1859இல்தான், எந்த மதமானாலும் நாடார் பெண்கள் ரவிக்கை அணியலாம் என்று அரசர் அறிவித்தார். ஒரு ரவிக்கையும் ஒரு நாள் ஓய்வும் ‘ஆசைகாட்டுதல்’ என்ற கணக்கில் வருமா என்பதை நீதிபதியாக இருந்த நீங்கள்தான் சொல்லவேண்டும்.

பஞ்சத்தில் மாறியவர்களும் உண்டு, மறைக்கவில்லை. 1877 பஞ்சத்தில் திருநெல்வேலிப் பக்கம் கஞ்சித் தொட்டி வைத்த மிஷனில் கூட்டங்கூட்டமாகச் சேர்ந்தார்கள். கஞ்சி கொடுத்தவனைக் குற்றவாளி ஆக்குகிறவர்கள், கொடுக்காதவனை ஒரு வார்த்தை கேட்பதில்லை.

கேட்டதில் எழுத்து கிடைத்தது. ஆஸ்பத்திரி கிடைத்தது. மேலே துணி கிடைத்தது. சாதி மட்டும் எங்களோடு கோயிலுக்குள் வந்து எங்களுக்கு முன்னால் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டது. சாதி வேற்றுமையைச் சபையிலிருந்து அகற்ற வேண்டும் என்று 1833இல் கல்கத்தாப் பேராயர் வில்சன் உத்தரவு போட்டார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் பலர், பறையரோடு ஒரே வரிசையில் உட்காருவதைவிட சபையை விட்டே போவது மேல் என்று போனார்கள். கத்தோலிக்கர் பக்கமும் கதை வேறல்ல. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் பிணங்களுக்கு நடுவில் சுவர் நின்றது. 2008இல் விழுப்புரம் பக்கத்து எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்கென்று தனிப் பங்கு, அதாவது தனிக் கோயிலும் தனிச் சபையும், கேட்டதை ஒட்டி மோதல் வெடித்துப் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போனது.

இத்தனைக்கும் பிறகு யார் பட்டியல் சாதி என்று சொல்லும் 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, மதத்தைக் காட்டி எங்களை வெளியே நிறுத்துகிறது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்த கதவு அது. 1985இல் உச்சநீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைக்கிறவர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்த திட்டத்தில், ஒரு தொழிலாளிக்கு அவர் கிறிஸ்தவர் என்பதால் கிடைக்கவில்லை. புது மதத்திலும் சாதிக் கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்று காட்டினால்தான் சலுகை என்றது நீதிமன்றம். அவர் தைத்த செருப்பும் உட்கார்ந்த நடைபாதையும் சாட்சியாகப் போதவில்லை.

எங்கள் தெருவில் இதற்கு மக்களே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். கோயில் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர். வருவாய் ஆய்வாளர் விசாரணைக்கு வருகிறார் என்று தெரிந்தால் மாதா படத்தைக் கழற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைப்பார்கள். ஆணியும் படம் இருந்த இடத்தின் வெளிறிய சதுரமும் சுவரில் அப்படியே இருக்கும். அவரும் பார்ப்பார், எழுதமாட்டார். ஒரே தாத்தாவின் பேரன்மார்களில் ஒருவன் எஸ்சி, இன்னொருவன் பிசி. அடி விழும்போது இரண்டு பேருக்கும் ஒரே சாதிப் பெயரைச் சொல்லித்தான் விழுகிறது.

எங்கள் இந்து உறவுக்காரர்கள், இருக்கிற இடஒதுக்கீட்டில் படித்த கிறிஸ்தவர்கள் வந்து அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. எங்களைச் சேர்க்கும்போது விழுக்காட்டையும் அதற்கேற்ப உயர்த்தவேண்டும் என்றே பரிந்துரை செய்யுங்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் எங்களுக்கும் பட்டியல் சாதித் தகுதி வேண்டும் என்று தீர்மானம் போட்டது. ஒன்றிய அரசே அமைத்த ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்த மூன்றாம் பத்தியையே நீக்கச் சொன்னது 2007இல். காகிதத்துக்குக் குறைச்சல் இல்லை.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். தமிழ்நாட்டில் விசாரிக்கும்போது ஆயர்கள் மனுவோடு வருவார்கள். எங்களுக்காகத்தான் பேசுவார்கள், நன்றி. அவர்களிடம் மனுவை வாங்கிக்கொண்டு சில கேள்விகளையும் கேளுங்கள். உங்கள் மறைமாவட்டத்தில் தலித் குருக்கள் எத்தனை பேர்? உங்கள் கல்லூரிகளில் பேராசிரியர்கள் எத்தனை பேர்? எந்தெந்தப் பங்கில் தேர்ச் சப்பரம் எங்கள் தெருவுக்குள் வருவதில்லை? எந்தெந்த ஊரில் கல்லறை இன்னும் இரண்டாக இருக்கிறது? பதிலை ஊர்ப் பெயரோடு எழுத்தில் வாங்குங்கள். உச்சநீதிமன்றம் 1985இல் கேட்ட சாட்சியம் அவர்களுடைய அலுவலக அலமாரிகளில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்
திருநெல்வேலி மாவட்டம்