பழைய ஓர்கனைக் கொடுத்துவிட முன்னர் ஒருமுறை திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பின் சின்ன ஆலயங்களில் மூலையில் துணி போர்த்திக் கிடக்கும் மிதி ஓர்கன்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் ஆலயத்திலும் ஒன்று இருக்கிறது. கீபோட் வந்த பிறகு அதை யாரும் தொடுவதில்லை, இப்போது "சும்மா இடத்தை அடைச்சுக்கொண்டு கிடக்கு, குடுத்து விடுவம்" என்று கூட்டத்தில் பேச்சும் வந்துவிட்டது. உப்புக் காற்றுக்கு இதெல்லாம் நிற்காது என்பதுதான் சொல்லப்படும் காரணம்.

பிலிப்பைன்ஸில் மணிலாவுக்குப் பக்கத்து லாஸ் பினாஸ் ஊரைப் பாருங்கள். அங்குள்ள பங்குக் கோயிலின் குழல் ஓர்கனை தியேகோ செரா என்ற ஸ்பானியப் பாதிரியார் 1816இல் தொடங்கி 1824இல் முடித்தார். 1031 குழல்களில் 902 மூங்கில்! பூச்சி அரிக்காமலிருக்க மூங்கிலை வெட்டிக் கடற்கரை மணலில் மாதக்கணக்காகப் புதைத்து வைத்தாராம். பிறகு நிலநடுக்கமும் சூறாவளியும் அதைச் சிதைத்து, நெடுங்காலம் சரியாக வாசிக்க முடியாமலே கிடந்திருக்கிறது. ஆனாலும் அந்த ஊர்க்காரர் கைவிடவில்லை, 1973இல் கழற்றி ஜெர்மனிக்கு அனுப்பித் திருத்தி 1975இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். இன்றும் வாசிக்கிறார்கள், ஆண்டுதோறும் அதற்கென்றே இசைவிழா நடக்கிறது. அங்கும் இதே வெக்கை, இதே ஈரம்தான்.

எங்களிடம் இருப்பது அவ்வளவு பெரிய வேலையுமில்லை. இதில் குழல் கிடையாது, ஆர்மோனியத்தில் உள்ளதுபோல் காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் பித்தளை ரீட்டுகள்தான். பெரும்பாலும் கெட்டுப்போவது துருத்தித் துணியும் தோலும் மிதியின் பட்டியும், அதெல்லாம் மாற்றக்கூடியவை. ஒரு கட்டை ஊமையாகிவிட்டால் ரீட்டில் தூசி அடைத்திருக்கலாம். கோயில் பஜனைக்கு ஆர்மோனியம் திருத்துகிறவரே திறந்து பார்க்கலாம், ஆனால் இந்த மிதி ஓர்கன்களில் பல காற்றை ஊதாமல் உள்ளே இழுப்பவை என்பதை முதலே அவருக்குச் சொல்லிவிட வேண்டும். தயவுசெய்து யாரும் ரீட்டுக்கு எண்ணெய் விடாதீர்கள்.

1814இல் மிஷனரி வில்லியம் ஓல்ட் வந்திறங்கிய நாளிலிருந்து மெதடிஸ்த கீதங்கள் ஒலித்த ஊர் இது. 1978 சூறாவளியும் 2004 சுனாமியும் எத்தனையோ ஆலயங்களைக் குலைத்துப் போட்டன, அதையெல்லாம் தாண்டி மிஞ்சியதை நாமே கையால் தூக்கிக் கொடுப்பது எனக்குத் தாங்கவில்லை.

ஒவ்வொரு ஆலயமும் கட்டைகளுக்கு மேலே எழுதியிருக்கும் கம்பெனிப் பெயரையும் உள்ளே இருக்கும் இலக்கத்தையும் படம் எடுத்து வைக்கட்டும். மறைந்துபோன யாழைத் தேடி ஆராய்ந்த விபுலாநந்த அடிகளின் பெயரில் கல்லடியில் அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, அங்குள்ள இசை மாணவர்கள் இந்த ஓர்கன்களைப் பட்டியலிட முன்வந்தால் பெரிய உதவி. எங்கள் ஓர்கனைத் திறந்து பார்க்க யாராவது வருவதானால் செலவில் பங்குபோட நானும் பாடகர் குழுவில் சிலரும் தயார்.

இப்படிக்கு,
ஆலய உறுப்பினர் ஒருவர்,
மட்டக்களப்பு