மறைக்கல்விப் பிள்ளைகளின் பெற்றோர்களுக்கு

அன்பார்ந்த பெற்றோர்களே, பினாங்குப் பேரங்காடிகளில் நவம்பரிலேயே எழும்பிவிடும் அலங்கார மரங்களைப் பார்த்து வளரும் நம் சிறு பிள்ளைகளுக்கு, கிறிஸ்துமஸ் என்பது இயேசு பிறந்த திருநாள் என்பதை வீட்டில் நாம்தான் உணர்த்த வேண்டும். 1223இல் புனித அசிசி பிரான்சிஸ் இத்தாலியின் கிரெச்சோ ஊரில் இயேசு பிறப்பின் குடில் அமைத்துக் காட்டிய வழியே பிள்ளைகளுக்கு இன்றும் மிகப் பொருத்தமானது என்பது என் எண்ணம். ஆகவே கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆயத்த வாரங்களான திருவருகைக் காலம் முழுவதும், வீட்டுக் குடிலில் உள்ள தீவனத் தொட்டியை வெறுமையாக வைத்து, பிள்ளை செய்யும் ஒவ்வொரு நற்செயலுக்கும் ஒரு வைக்கோல் துரும்பை அதன் கையாலேயே இடச் செய்யுங்கள். அடுக்குமாடியில் வசிப்போருக்குக் காய்ந்த லாலான் புல்லே போதும். குழந்தை இயேசுவுக்குக் குத்தக் கூடாது என்று என் மகள் சென்ற ஆண்டு அந்தப் புல்லை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள். டிசம்பர் 24 இரவுத் திருப்பலிக்குப் பின் லூக்கா நற்செய்தி 2:1-20 பகுதியை உரக்க வாசித்து, வீட்டின் கடைக்குட்டியே பாலன் இயேசுவின் சுரூபத்தைத் தொட்டியில் கிடத்தட்டும். பரிசுகளை அதன் பிறகு பிரிக்கலாம்.