ஆண்டறிக்கை: பின்பனிக்கால ஏரியும் நமது தூண்டில் மீன்பிடிச் சங்கத்தின் இவ்வாண்டுப் பணியும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயலவைக் கூட்டங்கள் விதிப்படி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நடந்தன. குறிப்புகள் முன்பே உங்கள் கைக்கு வந்துவிட்டன. கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கென்யிர் ஏரிப் பயணம் வழக்கம்போல் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகுதான். இனி, இவ்வாண்டு சங்கத்தின் நேரத்தைப் பெரிதும் எடுத்துக்கொண்ட வேலைக்கு வருகிறேன். செயற்கை ஈ, அதாவது பூச்சிபோலத் தெரியும்படி நூல் சுற்றிய தூண்டில் முள் கட்டி, குளிர் ஏரியில் டிரவுட் என்னும் குளிர்நீர் மீனைப் பிடிக்க உறுப்பினர்களுக்குப் பயிற்சி கொடுத்தோம்.

பயிற்சி ஜப்பானின் இரண்டு ஏரிகளைக் கருதியே அமைந்தது. ஹக்கோனேயில் உள்ள ஆஷி ஏரி மார்ச் 1-இல் திறக்கிறது. நிக்கோவுக்கு மேலே, 1,269 மீட்டர் உயரத்தில் இருக்கும் சூசென்ஜி ஏரியில் ஏப்ரல் 1 முதல் கரையிலிருந்து தூண்டில் போடலாம். அனுமதிச் சீட்டை அந்தந்த ஏரியின் மீன்பிடிக் கூட்டுறவுச் சங்கம் விற்கிறது. பிடித்ததை எடுத்துப் போகலாமா, விட்டுவிட வேண்டுமா என்பதைச் சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இரு ஏரிகளும் முழுதாக உறைவதில்லை. கனடாவின் கம்லூப்ஸ் பக்கம் போக நினைப்பவர்களுக்கு வேறு கணக்கு. அங்கே பனிக்கட்டி உருகி, மேல்நீர் 4 பாகை செல்சியசுக்கு ஏறியதும் காற்று ஏரியை அடிமுதல் கலக்கிவிடும். அடிச்சேற்று வாயுவும் குப்பையும் மேலே வரும் அந்தச் சில நாள்களில் மீன் வாய் திறக்காது.

இந்தப் பருவத்தில் மீனுக்குக் கிடைக்கும் பூச்சி பெரும்பாலும் கைரோனொமிட். பார்க்கக் கொசு, ஆனால் கடிக்காது. மீன்தொட்டி வைத்திருப்போர் உறைகட்டியாக வாங்கும் சிவப்பு இரத்தப்புழு இதன் இளம்புழுதான். உடலில் ஹீமோகுளோபின் இருப்பதால் பிராணவாயு குறைந்த சேற்றிலும் அது பிழைத்துக்கொள்கிறது. கூட்டுப்புழுவானதும் தோலுக்கடியில் வாயு சேர, மெல்ல மெல்ல மேலே எழும். தலையில் வெண்ணிறச் செவுள் குஞ்சம் தெரியும். டிரவுட் அதை வழியிலேயே மறித்துத் தின்றுவிடுகிறது. நீர்மேல் ஈ பறப்பதைக் கண்டு நீர்மேலேயே தூண்டில் போடுபவர் வெறுங்கையோடு திரும்புவது இதனால்தான்.

ஆகவே பயிற்சியில் ஈயைவிட ஆழத்துக்கே முதலிடம் கொடுத்தோம். கட்டணக் குளத்தில் பழக்கிய முறை இது. ஈயின் முள்ளில் கனத்துக்காகக் கவ்வி இடுக்கியைக் கடித்து மாட்டி, கோல் நுனிக்கு நேர் கீழே தரை தட்டும்வரை இறக்க வேண்டும். நீர்மட்டம் தூண்டில் நரம்பைத் தொடும் இடத்திலிருந்து ஈப் பக்கமாக 30 செ.மீ. தள்ளி மிதப்பைப் பூட்டினால், ஈ தரைக்கு ஒரு சாண் ஒன்றரைச் சாண் மேலே தொங்கும். ஆழம் கோலின் நீளத்தைத் தாண்டினால் சாதாரண மிதப்பு உதவாது: மீனை இழுத்து வரும்போது நுனி வளையத்தில் முட்டி நிற்கும், மீன் கைக்கெட்டாது. கொத்தியவுடன் பூட்டு விட்டு வழுக்கும் மிதப்பே வேண்டும். நரம்பு சீரான பருமனுள்ள ஃபுளோரோகார்பன் என்னும் நெகிழி இழை; முடிச்சு, ஈ தளர்ந்து ஆடும்படியான கண்ணி முடிச்சு. படகில் என்றால் முன்னும் பின்னும் இரண்டு நங்கூரம். ஒன்றோடு நின்றால் படகு காற்றுக்கு ஊசலாடும், கூடவே ஈயும் அலையும், அளந்த ஆழம் வீணாகும்.

விரால் இனப் பெருமீனான தோமான் பிடித்துப் பழகிய கை இங்கே தடையாகிறது என்பதையும் பதிவு செய்கிறேன். ஓங்கி இழுத்தால் மெல்லிய நரம்பு அறுந்துபோகும். கோலை உயர்த்தினால் போதும். குளிர்நீரில் மீனின் உடலியக்கம் மந்தம். பாய்ந்து வராது, துரத்தாது, மிதப்பு மூழ்கவும் மூழ்காது. லேசாக நடுங்கும், அல்லது காற்றுக்கு எதிராக ஒரு விரற்கடை நகரும். அதுவே கொத்து. விடியற்காலையில் கிளம்பும் பழக்கத்தையும் விட வேண்டும்: பின்பனியில் பூச்சி எழுவது பெரும்பாலும் நாளின் வெதுவெதுப்பான பொழுதில், முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 2 வரை. விடியலில் போனால் கோல் வளையங்களில் பனி உறைந்து நரம்பு சிக்குவதுதான் மிச்சம்.

ஈ கட்டும் வகுப்பில் 14-ஆம் எண் வளைந்த முள், கறுப்பு அல்லது சிவப்பு நூல், ஐந்தாறு சுற்று மெல்லிய வெள்ளிக் கம்பி, தலைக்கு வெள்ளை மணி. இவ்வளவே. பலர் நூலை அடுக்கடுக்காகச் சுற்றித் தடியாக்கினார்கள்; தடித்த ஈ மெதுவாக இறங்கும், உருவமும் கெட்டுப்போகும். கோலாலம்பூரின் ஈரக்காற்று கொடுத்த தொல்லை தனி. மேற்பூச்சாகப் போட்ட நிறமற்ற நகப்பூச்சு மழை மாலைகளில் பால் போல வெளுத்தது. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படிவதே காரணம். குளிர்சாதன அறையில் பூசியபோது வெளுக்கவில்லை. புற ஊதா ஒளியில் இறுகும் பசை பூசியவர்கள் சிறு டார்ச் விளக்கை நம்பிப் பிசுபிசுப்போடு எடுத்து வைத்தார்கள். அதை எரிசாராயத்தால் துடைத்து, வெயிலில் காட்டினால் சரியாகும். இறகுப் பெட்டியில் அந்துருண்டையும் சிலிக்கா பொட்டலமும் கட்டாயம்.

உடை பற்றிச் சுருக்கமாக: பருத்தி வேண்டாம், நனைந்தால் உடல் சூட்டை உறிஞ்சிவிடும். மார்புவரை வரும் நீர்காப்புக் கால்சட்டைக்கு இடுப்புப் பட்டை இல்லாமல் யாரும் நீரில் இறங்கக் கூடாது.

வரும் ஆண்டுக்குச் செயலவை முன்வைக்கும் தீர்மானம் ஒன்றே. கருவிகளுக்கான ஒதுக்கீட்டில் புதிய ஈப் பெட்டி வாங்குவதை நிறுத்தி, கயிறு கட்டி இறக்கும் வெப்பமானிகள் வாங்க வேண்டும். எந்த ஆழத்தில் நீர் ஒரு பாகை கூடுதல் என்று தெரியாமல் பத்து நிற ஈ மாற்றுவதில் பயனில்லை என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளோர் விவாதத்தில் பேசலாம்.

பொதுக்கூட்டம் முடிந்த 60 நாள்களுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டு விவரங்கள் போய்ச் சேர வேண்டும். முகவரி மாறியவர்கள் இன்றே பதிவேட்டில் திருத்திவிடுங்கள். அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்