எட்டு வாரம் முன்னதாகச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கியதும் சென்னையில் நன்கொடை நடைகளும் ஓட்டங்களும் வரிசைகட்டும். 'யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம்' என்ற அறிவிப்பு நாளிதழில் வருவதோ முந்தின வாரம், சில நேரம் முந்தின நாள். பல வருடம் நாற்காலியே கதியென்று இருந்தவர் அதைப் பார்த்து ஆர்வத்தில் பெயர் கொடுக்கிறார். 5 கி.மீ.யை எப்படியோ முடித்தும் விடுகிறார். அடுத்த மூன்று நாள் மாடிப்படி இறங்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதோடு நடையையே விட்டுவிடுகிறார்.

அவருக்குத் தேவைப்படுவது எட்டு வாரம். மூச்சு இரண்டு மூன்று வாரத்திலேயே பழகிவிடும். தசைநாரும் எலும்பும் பழக அதைவிட அதிக நாளாகும். 'மூச்சு வாங்கவில்லையே' என்று மூன்றாவது வாரம் தூரத்தை இரட்டிப்பாக்குபவருக்குத்தான் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பை ஒட்டி வலி வருகிறது.

வாரத்தில் நான்கு நாள் போதும். மூன்று நாள் 15 நிமிடத்தில் தொடங்கி மெல்ல 30 நிமிடம் வரை கொண்டுபோகலாம். ஞாயிறு நடை மட்டும் நீளமாக இருக்கட்டும்: முதல் வாரம் 20 நிமிடம், பிறகு வாரத்துக்கு 7 நிமிடம் கூடுதல். ஏழாவது ஞாயிறு ஒரு மணி நேரம் தாண்டியிருக்கும். கிலோமீட்டருக்கு 12 நிமிடம் என்ற சாதாரண நடையில் 5 கி.மீ.க்கு அதே ஒரு மணி நேரம்தான். எட்டாவது வாரம் எல்லாவற்றையும் பாதியாகக் குறைத்துவிட வேண்டும். வேகத்தை அளக்கக் கைக்கடிகாரமோ செயலியோ வேண்டாம். பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் சரியான வேகம்; வார்த்தை வார்த்தையாகத் திக்கினால் அதிகம். ஓடித்தான் ஆக வேண்டும் என்பவர்கள், அரை மணி நேரம் சிரமமில்லாமல் நடக்க வந்த பிறகு, ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றித் தொடங்கலாம்.

ஜனவரி நிகழ்ச்சிக்குப் பயிற்சி செய்தால் அது வடகிழக்குப் பருவமழையில்தான் விழும். தண்ணீர் தேங்கிய தெருவில் பள்ளம் எது, சாக்கடை மூடி எது என்று தெரியாது; அன்றைக்கு மொட்டை மாடியோ அடுக்ககத்தின் கார் நிறுத்தும் தளமோ உத்தமம். பூங்காக்களில் பிரபலமாகிவிட்ட எட்டு வடிவ நடையை மழை நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஞாயிறு நீள நடைக்கு அது ஈடாகாது. நேரான தார்ச்சாலையில் ஒரு மணி நேரம் படும் அடியைப் பாதம் அதில் கற்றுக்கொள்ளாது. மெரினாவில் பழகுவோர் நடைபாதையிலேயே நடக்கட்டும். மணல் மெத்தென்று இருக்கும், ஆனால் குதிகால் புதைந்து பின்னங்கால் தசைநாரை இழுத்துவிடும்.

காலணியை மாலையில் வாங்குங்கள். பகல் முழுக்க நின்றும் நடந்தும் பாதம் சற்று வீங்கியிருக்கும். பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். நிகழ்ச்சிக்கு மூன்று வாரம் முன்பே போட்டுப் பழக வேண்டும். புதுக் காலணி, புது சாக்ஸ், அன்று காலை கையில் கொடுக்கும் புது பனியன், இந்த மூன்றில் எதுவும் முதன்முறையாக அன்றைக்கு வேண்டாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் பருத்தித் துணி வியர்வையைக் குடித்துக் கனத்து, அக்குளிலும் தொடையிடுக்கிலும் உரசிப் புண்ணாக்கும். அங்கே கொஞ்சம் வாஸ்லினோ தேங்காய் எண்ணெயோ தடவினால் தப்பிக்கலாம்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்களும், மாடி ஏறும்போது நெஞ்சு இறுகுபவர்களும் பயிற்சி தொடங்கும் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நிகழ்ச்சிக்கு முந்தின நாள் பார்த்துப் பயனில்லை. இன்சுலின் போடுபவர்களும் சர்க்கரையைத் தாழவிடும் மாத்திரை எடுப்பவர்களும் புறப்படும் முன் அளந்து, 100க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு நடக்கட்டும். சட்டைப்பையில் குளுக்கோஸோ நான்கு மிட்டாயோ இருக்க வேண்டும். மரத்துப்போன பாதத்தில் கொப்புளம் வந்தாலும் தெரியாது. வீடு திரும்பியதும் கண்ணால் பார்ப்பது ஒன்றே வழி.

அன்று காலை ஒரு மணி நேரம் முன்னதாக இரண்டு இட்லி அல்லது ஒரு வாழைப்பழம், ஒரு டம்ளர் தண்ணீர். கழிப்பறை வேலையை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். அங்கே உள்ள வரிசை ரேஷன் கடையைத் தோற்கடிக்கும். எண் அட்டையின் பின்பக்கம் ரத்த வகை, மாத்திரைகள், வீட்டுத் தொலைபேசி எண் எழுதிவிட்டு நான்கு மூலையிலும் ஊக்கு குத்துங்கள்.

கெட்டுப்போவது பெரும்பாலும் முதல் பத்து நிமிடத்தில்தான். ஒலிபெருக்கியும் மேளமும் கூட்டமும் சேர்ந்து தள்ள, பயிற்சியில் நடந்ததைவிட வேகமாகக் கிளம்பி மூன்றாவது கிலோமீட்டரில் உட்கார்ந்துவிடுகிறார்கள். கூட்டத்தின் கடைசியில் நிற்பதில் எந்த மானக்கேடும் இல்லை. புற்றுநோயால் வலது காலை இழந்து, 1980இல் செயற்கைக் காலுடன் கனடாவில் 143 நாளில் 5,373 கி.மீ. ஓடிய டெர்ரி ஃபாக்ஸின் பெயரில் நடக்கும் ஓட்டங்களில் வெற்றியாளர் என்று யாரையும் அறிவிப்பதில்லை. நன்கொடை நடைக்கு அதுதான் பொருத்தம் என்பது எங்கள் கருத்து. பதக்கச் செலவும் மிச்சம்.

தண்ணீர் மேசைதோறும் இரண்டு மூன்று வாய் போதும். பயந்துகொண்டு லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து தலை கிறுகிறுக்கும். நெஞ்சுவலி, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, பேச்சுக் குழறல் என எது வந்தாலும் அங்கேயே நின்று தன்னார்வலரைக் கூப்பிட வேண்டும்; அவர் இல்லாவிட்டால் 108. முடிவுக் கோட்டைத் தாண்டியதும் சட்டென்று உட்காரக் கூடாது. காலில் தேங்கிய ரத்தம் மேலே திரும்பப் பத்து நிமிடம் மெதுவாக நடக்க வேண்டும். மறுநாளும் அதற்கு மறுநாளும் தொடை வலித்தால் கவலை இல்லை. எலும்பில் ஒரே புள்ளியில் வலித்தால் நடையை நிறுத்திக் காட்டியாக வேண்டும்.

நடத்துபவர்களிடம் மூன்று கோரிக்கை. எத்தனை மணிக்குப் பாதையை மறுபடி வண்டிகளுக்குத் திறந்துவிடுவீர்கள் என்பதை அறிவிப்பிலேயே போடுங்கள். கடைசி நபர் கடக்கும்வரை தண்ணீர் மேசையை எடுக்காதீர்கள்; வெயில் ஏறிய பிறகு வருபவர் அவர்தான், தண்ணீர் அதிகம் தேவைப்படுவதும் அவருக்குத்தான். 5 கி.மீ.யோடு 3 கி.மீ. ஒன்றும் வையுங்கள், அதைக் 'குழந்தைகள் பிரிவு' என்று எழுத வேண்டாம்.

தங்களிடம் ஒன்றே ஒன்று. நிகழ்ச்சி அறிவிப்பை முந்தின நாள் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியில் போடுவதோடு, நவம்பர் முதல் வாரமே ஒருமுறை போட்டு, பக்கத்திலேயே 'இன்று 15 நிமிடம் நடக்கத் தொடங்குங்கள்' என்று ஒரு வரி சேர்த்தால் நன்று.

இப்படிக்கு,
நடைப்பயிற்சி வழிகாட்டிகள் சிலர்,
திருவான்மியூர், சென்னை.