பாங்காக்கில் எங்கே தங்குவது: அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

நீங்கள் அனுப்பிய மூன்று ஹோட்டல்களையும் பார்த்தேன். மூன்றிலும் நீச்சல்குளப் படம் பிரமாதம். ஆனால் மாமாவின் முழங்காலை மனதில் வைத்துப் பார்த்தால் மூன்றுமே வேண்டாம் என்பேன். காரணத்தை விரிவாக எழுதுகிறேன். பூஜை லீவில் பாங்காக் கிளம்புகிற வேறு யாருக்காவது பயன்படட்டும் என்று பொதுவிலேயே போடுகிறேன்.

ஹோட்டலுக்கு முன்னால் தேதியைப் பேசிவிடலாம். சென்னையிலிருந்து பறக்கும் நேரம் சுமார் மூன்றரை மணி. தாய்லாந்துக் கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஆக, இரவு 11 மணிக்குக் கிளம்பினால் அங்கே இறங்கும்போது விடியற்காலை 4 மணி. ஹோட்டலில் அறை தருவது மதியம் 2 மணிக்கு, சில இடங்களில் 3 மணிக்கு. நடுவில் உள்ள பத்து மணி நேரத்தை லாபி சோபாவில் கழிப்பதா? 17-ஆம் தேதி விடியற்காலை இறங்குவதாக இருந்தால் 16-ஆம் தேதி இரவிலிருந்தே அறை போட்டுவிடுங்கள். மூன்று இரவு நான்காகும், உண்மைதான். ஆனால் அந்தக் காசுக்கு மாமா ஐந்து மணி நேரம் தூங்குவார், முதல் நாளும் வீணாகாது. ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: “17 விடியற்காலை 5 மணிக்கு வருகிறோம்” என்று ஹோட்டலுக்கு முன்கூட்டியே செய்தி அனுப்பிப் பதிலும் வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் 16 இரவு ஆள் வரவில்லை என்று மொத்த புக்கிங்கையும் ரத்து செய்துவிட வாய்ப்பு உண்டு.

இப்போது இடம். பாங்காக்கில் சாலையை நம்பி நேரம் குறிக்க முடியாது. மாலை நேரத்தில் மூன்று கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம் போனாலும் ஆச்சரியமில்லை. அதனால் மேம்பால ரயிலான பிடிஎஸ், சுரங்க ரயிலான எம்ஆர்டி, ஆற்றுப் படகு, இந்த மூன்றில் குறைந்தது இரண்டு நடக்கும் தூரத்தில் இருக்கவேண்டும். நட்சத்திரம், நீச்சல்குளம், காலை உணவு எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

உங்கள் பட்டியலில் முதல் ஹோட்டல் காவ் சான் பக்கம். கிராண்ட் பேலஸ் என்ற அரண்மனைக்குக் கிட்டே, விலையும் குறைவு. ஆனால் ரயில் நிலையம் எதுவும் பக்கத்தில் இல்லை, பின்னிரவு வரை பாட்டுச் சத்தம் வேறு. காலேஜ் பசங்களுக்குச் சரி. மூன்றாவது, பிரதுநாம். துணி வாங்க மட்டும் வருகிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது, இந்தியச் சாப்பாடும் கிடைக்கும். ஆனால் சந்தைக் கூட்டத்துக்குள் சிட்லோம் நிலையம் வரை தினமும் நடந்து போய்த் திரும்பவேண்டும். மாமாவுக்கு ஆகாது.

இரண்டாவது, சுகும்வித் ஹோட்டல், பார்த்தவுடன் பிடிக்கிற மாதிரி இருக்கிறது. “பிடிஎஸ் 400 மீட்டர்” என்று போட்டிருக்கிறார்கள். அது நேர்கோட்டுத் தூரம். சுகும்வித் பெருஞ்சாலையிலிருந்து சோய் என்ற கிளைத்தெருக்கள் உள்ளே போகின்றன. பல சோய்கள் மறுமுனையில் அடைபட்டவை, ஒன்றிலிருந்து அடுத்ததற்குக் குறுக்கே போக வழி இருக்காது. 400 மீட்டர் என்பது காலுக்கு 900 மீட்டராகும். வழியில் நடைபாதை ஓர் ஆள் அகலம்தான் இருக்கும். அதிலும் நடுவே மின்கம்பம், அதை ஒட்டிச் சாப்பாட்டு வண்டி. சக்கரப் பெட்டியோடு போனால் ரோட்டில் இறங்கித்தான் ஆகவேண்டும். மழை பெய்தால் சோயில் கணுக்கால் அளவு தண்ணீர். அக்டோபரில் மழை இன்னும் விட்டிருக்காது.

சுகும்வித்தில் இன்னொரு குழப்பம். ஒற்றைப்படை சோய்கள் சாலையின் வடக்கே, இரட்டைப்படை தெற்கே. இரண்டு பக்க எண்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. 55-க்கு எதிரே 56 இருக்கும் என்று நினைத்தால் இருப்பது 38. சாலையைக் கடப்பதும் பெரும்பாலும் நடைமேம்பாலம் ஏறித்தான். அதனால் மேப்பில் நிலையத்தின் எந்த வாசலிலிருந்து ஹோட்டல் கதவு வரை என்று நடைவழியைப் போட்டு நீங்களே அளந்து பாருங்கள். 500 மீட்டருக்கு மேல் போனால் விட்டுவிடலாம்.

என் கணக்கில் உங்களுக்கு ஏற்ற இடம் சாத்தோன் சாலையில் சபான் தக்சின், சுரசக், செயின்ட் லூயிஸ் என்று வரிசையாக வரும் மூன்று பிடிஎஸ் நிலையங்களை ஒட்டிய பகுதி. சபான் தக்சின் நிலையத்தின் 2-ஆம் வாசலில் இறங்கினால் எதிரிலேயே சாத்தோன் படகுத்துறை. அரண்மனைக்குப் படகிலேயே போய்விடலாம். சுரசக்கிலிருந்து நடக்கிற தூரத்தில், சீலோம் சாலையும் பான் சாலையும் சேரும் முனையில், மாரியம்மன் கோயில். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டியது. தாய்லாந்துக்காரர்கள் ‘வாட் கேக்’ என்பார்கள், டாக்ஸிக்காரரிடம் அப்படிச் சொன்னால்தான் புரியும். கோயிலைச் சுற்றி இந்தியச் சாப்பாட்டுக் கடைகளும் உண்டு.

ஆனால் நவராத்திரிக்கு அங்கே போவதால் ஒரு எச்சரிக்கை. விஜயதசமி அன்று மாலை அம்மன் ஊர்வலம். சீலோம் சாலையை அடைத்துவிடுவார்கள். வழிநெடுகச் சாமந்தியும் தேங்காயுமாகப் பீடங்கள், பெருங்கூட்டம். பார்க்கவேண்டிய காட்சிதான். ஆனால் அன்று இரவு ஊர் திரும்புவதாக இருந்தால், ஹோட்டல் சீலோம் மீதோ பான் சாலையிலோ இருந்தால், டாக்ஸி வாசலுக்கு வராது. சாத்தோன் சாலைப் பக்கம் தங்கினால் இந்தச் சிக்கல் இல்லை.

மாமாவுக்காக இன்னொன்று பாருங்கள். பிடிஎஸ் நிலையங்களில் லிஃப்ட் எல்லா வாசலிலும் கிடையாது. எஸ்கலேட்டரும் பல இடங்களில் மேலே ஏறுவதற்கு மட்டும், இறங்கப் படிதான். முழங்கால் வலிக்கு இறங்குவதுதானே பெரிய தொல்லை? லிஃப்ட் எந்த வாசலில் என்று பார்த்து, சாலையில் அதே பக்கம் உள்ள ஹோட்டலாகப் பாருங்கள்.

அறை விஷயம். நீங்கள் மூன்று பேர். அங்கே சாதாரண அறை இரண்டு பேருக்கானது. பாப்பாவைச் சேர்க்காமல் புக் செய்துவிட்டு அங்கே போய்ச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், கவுன்டரில் கூடுதல் கட்டில் கட்டணம் கேட்பார்கள், சின்ன அறையில் கட்டில் போட இடமே இருக்காது. 28 சதுர மீட்டருக்குக் குறையாத அறையாக, மூன்று பேர் என்று குறிப்பிட்டே போடுங்கள். விலை சல்லிசாகத் தெரிந்தால் அறைக்கு ஜன்னல் உண்டா என்று பாருங்கள். ஜன்னலில்லா அறைகளும் அங்கே விற்பனைக்கு உண்டு, பெயர் மட்டும் ‘சுப்பீரியர்’ என்றிருக்கும்.

விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் அது முழு விலை இல்லை. 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதற்கும் சேர்த்து 7 சதவீத வரி. 2000 பாட் அறை கடைசியில் 2354 பாட் ஆகும். இரண்டு தளங்களை ஒப்பிடும்போது இந்தக் கடைசித் தொகையைத்தான் ஒப்பிடவேண்டும். கார்டில் கட்டும்போது ரூபாயா பாட்டா என்று மெஷின் கேட்டால் பாட் என்றே சொல்லுங்கள், ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் கை வைத்துவிடுவார்கள்.

விமர்சனங்களில் பத்துக்குப் பத்து போட்டதையெல்லாம் படிக்கவேண்டியதில்லை. கடைசி மூன்று மாதத்தில் குறைந்த மதிப்பெண் போட்டவர்கள் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள். பக்கத்தில் கட்டட வேலை, குளியலறையில் சாக்கடை வாடை, ஏசி சொட்டுவது. இவற்றில் ஏதாவது ஒன்றை இரண்டு பேர் சொல்லியிருந்தால் ஒதுக்கிவிடலாம். காலை உணவு சுமார் என்ற புகாரைக் கண்டுகொள்ள வேண்டாம்.

சகலை சொன்னாரே, வீடு மாதிரி அடுக்ககத்தில் சமையலறையோடு என்று. அதற்குள் போகாதீர்கள். 30 நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விட அங்கே ஹோட்டல் உரிமம் வேண்டும்; பெரும்பாலான அடுக்ககங்களில் அது கிடையாது. வாசல் காவலாளி உள்ளே விடமாட்டேன் என்றால் விடியற்காலை 5 மணிக்குப் பெட்டிகளோடு யாரிடம் போய் நிற்பது?

செக்-இன் சமயத்தில் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் கேட்பார்கள். வெளிநாட்டவர் தங்குவதைக் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது சட்டம். கிளம்பும்போது திருப்பித் தரும் முன்பணமாக 1000 பாட் போலக் கேட்டு ரசீது தரும் ஹோட்டல்கள் உண்டு. ரசீதைப் பாஸ்போர்ட்டுக்குள்ளேயே வையுங்கள். துரியன் பழம் வாங்கினால் தெருவிலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள், அறைக்குள் கொண்டுபோனால் அபராதம். மங்குஸ்தானுக்கும் பல இடங்களில் தடை, தோலின் சாறு படுக்கை விரிப்பில் பட்டால் போகாது.

தாய்லாந்தில் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்பவேண்டும். 2025 மே 1 முதல் கட்டாயம். ஆளுக்கு ஒன்று, பாப்பாவுக்கும் சேர்த்து. ஹோட்டல் முகவரி கேட்கும். இது இலவசம். பணம் கேட்கிற தளம் எதுவானாலும் அது அரசுத் தளமில்லை. விசா விதியையும் டிக்கெட் போடுமுன் தூதரகத் தளத்தில் ஒருமுறை பாருங்கள், அடிக்கடி மாற்றுகிறார்கள்.

சுவர்ணபூமி விமான நிலையத்தில் வருகைப் பகுதி 2-ஆம் தளம். டாக்ஸி 1-ஆம் தளத்தில். மெஷினில் சீட்டு எடுத்தால் எந்த எண் தடத்தில் வண்டி நிற்கிறது என்று இருக்கும். மீட்டர் தொகைக்கு மேல் விமான நிலையக் கட்டணம் 50 பாட், டோல் தனி. சாத்தோனுக்கு எல்லாம் சேர்த்து 400, 450 பாட் போல ஆகும். ரயிலில் பாயா தாய் வரை ஆளுக்கு 45 பாட்தான், ஆனால் முதல் வண்டி காலை ஐந்தரைக்கு, பிறகு பிடிஎஸ் மாறவேண்டும். மூன்று பேர், பெட்டிகள், முழங்கால்: டாக்ஸியே மேல். ரூபாய் மாற்ற, அடித்தளத்தில் ரயில் நிலையத்தை ஒட்டியுள்ள கடைகளில் மேல்தளத்தைவிட நல்ல விலை கிடைக்கும். ஏர்ஏசியாவில் வந்தால் டான் முயாங் விமான நிலையத்தில் இறங்குவீர்கள், அங்கே இந்தத் தளக் கணக்கு எதுவும் பொருந்தாது.

ஊர் சுற்றுவதில் ஒரு நாளுக்கு ஒரு பெரிய இடம் போதும். அரண்மனை காலை எட்டரைக்குத் திறக்கிறது, கட்டணம் 500 பாட். எட்டு மணிக்குச் சாத்தோனில் ஆரஞ்சுக் கொடிப் படகு ஏறினால் தா சாங் துறையில் இறங்கி நடக்கலாம். தோள், முழங்கால் மூடிய உடை கட்டாயம். வழியில் யாராவது நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து “இன்று அரண்மனை லீவு, துக்துக் ஆட்டோவில் வேறு கோயில் காட்டுகிறேன்” என்றால் நிற்காமல் நடங்கள். அந்த துக்துக் ரத்தினக் கடையில்தான் போய் நிற்கும். அரச நிகழ்ச்சிக்காக மூடுவதும் உண்டு, அதை அரண்மனைத் தளத்தில் முந்தின நாளே பார்த்துக்கொள்ளலாம். அங்கிருந்து வாட் போ கோயில். 46 மீட்டர் நீளச் சயன புத்தர், தரை பெரும்பாலும் சமம், மாமாவுக்குச் சிரமமிருக்காது. ஆற்றின் அக்கரையில் உள்ள வாட் அருண் கோயிலின் படிகள் செங்குத்து, இக்கரையிலிருந்தே பார்த்துவிடலாம். சட்டுசக் சந்தை சனி, ஞாயிறு மட்டும் முழுதாக நடக்கும். எம்ஆர்டியில் கம்பேங் பெட் நிலையத்தின் 2-ஆம் வாசல் சந்தைக்குள்ளேயே விடும்.

சைவத்துக்குக் கவலை வேண்டாம். சீனர்களின் ஒன்பது நாள் சைவ விழா பெரும்பாலும் நவராத்திரியை ஒட்டியே வரும். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட வண்டிகளில் முட்டை, பூண்டு, வெங்காயம்கூட இருக்காது. மற்றக் கடைகளில் காய்கறிப் பொரியல் என்று கேட்டாலும் மீன் சாறும் சிப்பிக் குழம்பும் விழும், அவை வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடவேண்டும்.

திரும்புகிற விமானம் இரவு என்றால், 12 மணிக்கு அறையைக் காலி செய்து பெட்டிகளை வரவேற்பில் ஒப்படைத்துவிடலாம், அதற்குக் காசு கேட்கமாட்டார்கள். குளித்துக் கிளம்ப வேண்டுமென்றால் மாலை 6 வரை அறையை நீட்டிக்க எவ்வளவு என்று முந்தைய இரவே கேளுங்கள். வெள்ளிக்கிழமை மாலை என்றால் விமான நிலையத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். முன்பண ரசீதை அப்போது மறக்காதீர்கள்.

அன்புடன்,
தம்பி