இரண்டு பேரும் உயிரோடு இருக்கும்போதே உதவுங்கள்

தமிழ்நாடு சமூக நலத் துறை அதிகாரிகளுக்கும், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளில் வேலை பார்ப்பவர்களுக்கும்,

வணக்கம்.

என் அண்ணனுக்கு வாய்ப் புற்றுநோய். அண்ணிக்கு மார்பகத்தில் வந்தது எலும்புக்குப் பரவிவிட்டது. இனி வலியைத்தான் குறைக்க முடியும் என்று இருவருக்குமே மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். பெரியவள் ஏழாம் வகுப்பு, சின்னவன் மூன்றாம் வகுப்பு. நான் அந்தப் பிள்ளைகளின் அத்தை.

சிகிச்சையைப் பற்றி எனக்குக் குறை இல்லை. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை இருப்பதால் அறுவை சிகிச்சையும் கீமோவும் நடந்தன. மக்களைத் தேடி மருத்துவத்தில் செவிலியர் வீட்டுக்கே வந்து புண்ணுக்குக் கட்டுப் போடுகிறார். அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அவர் வராத நாளில் கட்டு மாற்றுவது பெரியவள்தான். வலிக்கான மார்ஃபின் மாத்திரையை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துக் கொடுப்பதும் அவள்தான். நான் வேலைக்குப் போனால் வீட்டில் வேறு ஆள் இல்லை, அதனால் பள்ளிக்கூடம் பாதி நாள் போச்சு. பொறுப்பான பிள்ளை என்று ஊரே மெச்சுகிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இந்தப் பொறுப்பு வந்திருக்கவே கூடாது.

பிள்ளைகளுக்கு உதவி கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். "அப்பா அம்மா ரெண்டு பேரும் இருக்காங்கல்ல? இறப்புச் சான்று இருந்தா கொண்டு வாங்க" என்றார்கள். என்ன பதில் சொல்வது என்றே தெரியாமல் திரும்பி வந்தேன்.

அப்புறம் விதிகளைத் தேடிப் படித்தேன். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் 2022 வழிகாட்டுதலில் தெளிவாகவே இருக்கிறது: பெற்றோர் உயிருக்கு ஆபத்தான நோயில் இருந்தாலே பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு தரலாம். யாரும் சாக வேண்டியதில்லை. இது மேசையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியவில்லை என்றால் தெரியப்படுத்த வேண்டியது நீங்கள்தான். 2025 செப்டம்பரில் நம் மாநிலம் தொடங்கிய அன்புக் கரங்கள் நல்ல திட்டம். பெற்றோரில் ஒருவர் இறந்து மற்றவர் கொடிய நோயில் இருந்தால் மாதம் 2,000 ரூபாய் கிடைக்கும். இருவருமே படுக்கையில் இருக்கும் வீட்டையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் ஒரு சாவு விழும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

வருமான வரம்பு இன்னொரு சிக்கல். மத்தியத் திட்டத்தில் கிராமத்துக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72,000, அதாவது மாதம் 6,000. அண்ணன் லோடு ஆட்டோ ஓட்டியபோது அதைவிடக் கூடுதலாகச் சம்பாதித்தார், அண்ணியும் தையல் தைத்தார். ஆட்டோ விற்றாகிவிட்டது, தையல் மெஷின் மூடிக் கிடக்கிறது. ஆனால் வருமானச் சான்றில் இன்னும் பழைய கணக்குதான் ஏறுகிறது. இப்படிப்பட்ட வீடுகளுக்கு மருத்துவர் தரும் சான்றை வைத்து முடிவெடுங்கள்.

நான் முக்கியமாகக் கேட்பது இதுதான். கட்டுப் போட வரும் செவிலியருக்கு அந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள், யார் சமைக்கிறார்கள், யார் பள்ளிக்குப் போகவில்லை என்பதெல்லாம் தெரியும். அவர் தகவல் சொன்னாலே பிள்ளைகள் பெயரில் ஒரு கோப்பு தொடங்கும்படி செய்யுங்கள். சுகாதாரத் துறை ஒரு பக்கம், சமூக நலத் துறை ஒரு பக்கம் என்று இருப்பதால் அவர் பார்த்தது உங்களிடம் வந்து சேர்வதே இல்லை. அந்தக் கோப்பின் பேரில், கட்டு மாற்றவும் மாத்திரை கொடுக்கவும் பகலில் வயதுவந்த ஒருவர் வீட்டுக்கு வந்தால் பெரியவள் வகுப்புக்குப் போய்விடுவாள்.

கடைசியாக, காப்பாளர் விஷயம். இந்துக் குடும்பங்களுக்கான 1956 காப்பாளர் சட்டப்படி, தங்களுக்குப் பிறகு பிள்ளைகளுக்கு யார் காப்பாளர் என்று அப்பாவும் அம்மாவும் உயிலில் எழுதி வைக்கலாம். இரண்டு சாட்சிகள் போதும், பதிவு கட்டாயமில்லை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச உதவி உண்டு. ஆனால் எழுந்து நடக்க முடியாதவர்கள் அங்கே எப்படிப் போவார்கள்? அண்ணனுக்குப் பேச்சு குறைந்துவிட்டது, கேட்டதற்குத் தலையசைக்கிறார். அண்ணியால் இப்போதும் உட்கார்ந்து கையெழுத்துப் போட முடிகிறது. பிள்ளைகள் யாரிடம் வளர வேண்டும் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். அதை எழுதி வாங்கத் தெரிந்த ஒருவரை இந்த மாதத்துக்குள் வீட்டுக்கு அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
பிள்ளைகளின் அத்தை